கழுத்துப் பலகை

ஈஜிபுரா, பெங்களூர்
24.10.1999, ஞாயிறு

கடல் தாண்டியும் அண்ணி தொல்லையிலிருந்து தப்பாத நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் உன் அண்ணனும் சௌக்கியம். அவர் சௌக்கியத்துக்கு அத்தாட்சி, இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து காபி கேட்டு இரண்டு தடவை கனைத்துவிட்டார். கனைக்கட்டும்.

காலேஜில் பிள்ளைகளுக்குப் படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். ஏன்டி மமதா, படிக்க எழுதத் தெரியாவிட்டாலும் அங்கே காலேஜில் சேர்த்துக்கொள்வார்களா? இதை ஏன் எனக்கு முன்னாடியே யாரும் சொல்லவில்லை? நாலாம் கிளாஸ், அதுவும் பாதி, படித்தவள் நான். அடுத்த பிளேனில் வருகிறேன், முதல் பெஞ்சில் ஒரு இடம் போட்டு வை.

உன் அண்ணன், "எம்.ஏ. படிக்க வெச்சது அ, ஆ சொல்லிக்குடுக்கவா?" என்று என்னிடம் கேட்டார். லேத்துக் கம்பெனியில் மட்டும், "என் தங்கச்சி அமெரிக்காக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றா" என்று ஒருத்தர் விடாமல் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ ரங்கா கடைக்குப் போன் பண்ணுவாய் என்று சனிக்கிழமையே சட்டை இஸ்திரி போடுகிறார். போனில் சட்டை தெரியாது என்று சொன்னால் முறைக்கிறார்.

வெறும் இலக்கணத்தைப் போட்டு அரைக்காமல், உலகத்தில் எங்கெங்கே என்ன அநியாயம் நடக்கிறது என்று படிக்கவைத்து அதைப் பற்றி எழுதச் சொல்கிறாயாமே, அது நல்ல யோசனை. கோபம் வந்தால் யாருக்கும் வார்த்தை வரும். நம் வரிசை வீட்டு சரசு குழாயடியில் பேசுவதை அப்படியே எழுதினால் உன் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கப் பாடம் ஆகும்.

அவர்கள் போடுகிற சட்டை எங்கிருந்து வருகிறது என்று அடுத்த பாடமாம், என்னுடைய ஒரு நாளை எழுது என்கிறாய். எழுதுகிறேன். காலையில் பொம்மசந்திரா தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தால் என் மேஜையில் சட்டை மலை மாதிரி நிற்கும். காலர் கோணலா, பட்டன் ஆடுகிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செக்கிங் என்று பேர். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை, எனக்குப் பிறவியிலேயே வரும்.

அப்புறம் எங்கள் கக்கூஸ் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாலில் எண்பது பெண்கள், பலகை இரண்டு. சூப்பர்வைசர் கோவிந்தப்பா மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மாட்டாமல் எழுந்தால், "ஏனம்மா, எல்லிகே?" என்று கன்னடத்தில் ஹால் அதிரக் கேட்பார். எங்கே போவோம், மைசூர் தசராவுக்கா? இரண்டு பலகையும் வெளியே போயிருந்தால் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதற்குப் பயந்து பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. போன மாசம் ஒருத்தி மயங்கி மெஷின் மேலேயே சாய்ந்தாள்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் கத்திரிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். எங்கள் பிரிஜெட், கழுத்தில் சிலுவை போட்டவள், நேராகப் போய் அந்தப் பலகைகளுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, பூவும் சுற்றிவிட்டாள். "இதைவிடப் பெரிய ஆயுதம் இங்க ஏதுக்கா?" என்றாள். கோவிந்தப்பாவே சிரித்துவிட்டார். சிரித்த கையோடு பூவை எடுக்கச் சொன்னார். பலகையில் போட்ட நம்பர் மறைகிறதாம்.

உன் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு நாலு வரி எழுதட்டும். தப்பிருந்தால் எனக்கு அனுப்பு, செக்கிங் பண்ணித் தருகிறேன்.

உன் அண்ணி,
வள்ளியம்மா


டெட்ராய்ட்
12.11.1999

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி வகுப்பில் கொடுத்தேன். முழுவதும் இல்லை, கொஞ்சம் சுருக்கி. ஆயுத பூஜை, தசரா எல்லாம் இவர்களுக்குப் புரியாதென்று விட்டுவிட்டேன்.  படித்து முடித்ததும் இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்கள்.

அண்ணி, இவர்கள் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் இவர்களைக் கைவிட்டுவிட்டது. பலர் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வியர்க்கும். அப்படிப்பட்டவர்கள் உங்களுக்காக உட்கார்ந்து எழுதினார்கள். உங்களுக்குத் தனியாக, அந்தச் சட்டையை இங்கே விற்கிற கம்பெனிக்குத் தனியாக. தொழிற்சாலையின் பெயரும் உங்கள் பெயரும் கம்பெனிக் கடிதத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் பெங்களூர் என்று இருக்கிறது.

டெனிஸ் என்று ஒருத்தி மட்டும் எழுதவில்லை. உங்கள் வயது இருக்கும், இரவில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. தாளில் ஒரே வரி: "இந்த அம்மா எனக்குப் பிடிபடவில்லை." ஏன் என்று கேட்டேன், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளைகள் உங்களுக்கு ஒரு பெட்டியும் அனுப்புகிறார்கள். அண்ணனிடம் இஸ்திரிச் சட்டையை நான் போனிலேயே பார்த்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மமதா


ஈஜிபுரா
9.1.2000, ஞாயிறு

உலகம் அழியும் என்றார்களே, அழியவில்லை, ஆகவே கடிதம் எழுதுகிறேன் மமதா,

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் வெடிக்கும் என்று சரசு வீட்டு டிவியில் சொன்னார்கள். நம் வீட்டில் வெடித்தது உன் பெட்டிதான்.

பெட்டி வந்த அன்றைக்கு வரிசை வீடே கூடிவிட்டது. அமெரிக்காப் பெட்டியாயிற்றே! உன் அண்ணன் எல்லோரையும் நிற்கவைத்து, கல்யாண வீட்டில் சீர் பிரிக்கிற மாதிரி பிரித்தார். உள்ளே சோப்பு. அதற்குக் கீழேயும் சோப்பு. எடுக்க எடுக்கச் சோப்பு. சரசு எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, உங்க நாத்தனாரு உங்கள ஒருநாளாச்சும் குளிச்சுப் பார்க்கச் சொல்றாளா?" என்றாள். நான் சிரித்தேன். உன் அண்ணன் சிரிக்கவில்லை.

அப்புறம் கடிதங்கள். பிரிஜெட் கான்வென்ட்டில் ஒன்பதாவது வரை படித்தவள் இல்லையா, வந்து படித்துத் தமிழில் சொன்னாள். "அன்புள்ள வள்ளியம்மா, உங்களை நினைத்து இரவெல்லாம் அழுதேன்." அடுத்தது, "உங்கள் துயரத்தை என்னால் தாங்க முடியவில்லை." ஏன்டி, நான் செத்துவிட்டேனா? ஒரு பையன் என் காலுக்குச் செருப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். இருக்கிறதப்பா, ஒரு நாள் கோவிந்தப்பா மேல் வீசுவதற்காக வைத்திருக்கிறேன் என்று எழுது.

நல்ல பிள்ளைகள்தான், மனசு தங்கம். ஆனால் நான் எழுதினதில் இருந்த வள்ளியம்மா அதில் ஒரு கடிதத்திலும் இல்லை. அவளை எங்கே விட்டாய்?

உன் அண்ணன் பெட்டியைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டார். யாரும் தொடக் கூடாதாம். "என் பொண்டாட்டியைப் பிச்சைக்காரின்னு ஊரெல்லாம் எழுதிட்டா. நான் ஓவர்டைம் பாத்துப் படிக்கவெச்ச இங்கிலீஷு!" என்றார். அன்றிலிருந்து ரங்கா கடைப் பக்கமே போகவில்லை. போன ஞாயிறு நீ போன் பண்ணினாய் என்று ரங்கா வந்து கூப்பிட்டான். "வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று வீட்டுக்குள்ளிருந்தே கத்தினார். ரங்கா பாவம், அதையும் அப்படியே உன்னிடம் சொல்லியிருப்பான்.

இனி நல்ல சேதி. கம்பெனிக்குப் போன கடிதம் சும்மா போகவில்லை. மேலிடத்திலிருந்து எல்லாத் தொழிற்சாலைக்கும் ஓலை வந்திருக்கிறது, சட்டையை வாங்குகிற பையர் நேரில் பார்க்க வருகிறாராம். கக்கூஸை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, சோப்பு வைக்கத் தட்டு. நம் வீட்டு நடுக்கூடத்தைவிட நன்றாக இருக்கிறது. கட்டி முடித்து, பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டிவிட்டார்கள். பையர் வருகிற வரைக்கும் கலீஜ் ஆகக் கூடாதாம்! சாவி கோவிந்தப்பா இடுப்பில். எங்களுக்கு அந்தக் கடைசிக் கட்டிடத்தில் இருக்கிற ஒரே ஒரு பழையது. பலகையை மாட்டிக்கொண்டு புதுக் கக்கூஸைத் தாண்டி, கோயிலைச் சேவிக்கிற மாதிரி சேவித்துவிட்டு அங்கே நடக்கிறோம்.

பொங்கலுக்கு உன் பங்குக்கும் நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

வள்ளியம்மா (உயிரோடு)


டெட்ராய்ட்
24.1.2000

அண்ணி,

நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாகிவிட்டது. உங்கள் கேலியை எல்லாம் நான்தான் எடுத்துவிட்டேன். அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயம். சிரித்தால் அப்புறம் யார் அக்கறை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இருபது வருஷமாக உங்கள் பேச்சைக் கேட்டவள், உங்களை அழுமூஞ்சியாக்கி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பூட்டைப் பற்றி வகுப்பில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்தச் சட்டையையே வாங்க மாட்டோம் என்று கிளம்புவார்கள். ஆர்டர் போனால் உங்கள் எண்பது பேருக்கும் வேலை போகும். நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்கிற வரை ஒரு வரிகூட வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமைப் போனை நிறுத்திவிட்டேன். மூன்று தடவையும் ரங்கா, "அண்ணன் வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னார்மா" என்றான். அவருக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது சொல்லுங்கள். அதுவரை நான் அந்த நம்பரைச் சுற்றப்போவதில்லை. மணி அடித்தும் அவர் வராமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

மமதா


ஈஜிபுரா
20.2.2000, ஞாயிறு

பயந்தாங்கொள்ளி நாத்தனாருக்கு,

சிரித்தால் மதிக்க மாட்டார்களா? சிரிக்கிறவளுக்கும் அவசரம் வரும்டி. இதைத்தான் உன் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது நான் சொல்லப்போவதை ஒரு எழுத்து குறைக்காமல் மாற்றி எழுது. போன வியாழக்கிழமை பையர் வந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு ஐயா. வாசலில் ஐயாவுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டி, அம்மாவுக்குச் சந்தன மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, தேங்காய் உடைத்துக் கூட்டிவந்தார்கள். எங்களுக்கு முதல் நாளே பாடம்: என்ன கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" சொல்ல வேண்டும். பலகை இரண்டையும் கோவிந்தப்பா ஆணியிலிருந்து கழற்றி, என் மேஜைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டார்.

புதுக் கக்கூஸைத் திறந்து காட்டினார்கள். அம்மா "வெரி நைஸ்" என்றாள். உடனே பூட்டியாயிற்று. ஐயாவை முதலாளி கட்டிங், துணி என்று காட்ட அந்தப் பக்கம் கூட்டிப்போனார். அம்மா மட்டும் என் மேஜை பக்கத்தில் நின்று காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக மேனேஜர் காதில் ஏதோ கேட்டாள். வாசலில் கொடுத்த இளநீர் வேலை செய்துவிட்டது போல. மேனேஜர் கோவிந்தப்பாவைப் பார்த்தார். கோவிந்தப்பா இடுப்பைத் தடவினார். சாவி இல்லை! எங்கே வைத்தார் என்று தேட ஓடினார்.

அந்த அம்மா ஒரு காலில் நின்று இன்னொரு காலுக்கு மாறினாள். அந்த நிற்பு எனக்குத் தெரியாததா? எங்கள் ஹாலில் தினமும் பார்க்கிற நிற்பு. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து பலகையை எடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்தி, "வெல்கம் மேடம்" என்றேன்.

அவளுக்கு இது என்னவென்று எப்படித் தெரியும்? காலையிலிருந்து மாலை மேல் மாலையாகப் போடுகிறார்கள், இதுவும் நம் ஊர் மரியாதை என்று நினைத்து, கை கூப்பி, தலையைக் குனிந்து நீட்டினாள். நான் மாட்டினேன். சந்தன மாலைக்கு மேல் பலகை! கோவிந்தப்பா சாவியோடு வந்து நின்று, அப்படியே சிலையாகிவிட்டார். அம்மா அவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, பலகை ஆட ஆட, ஹால் முழுக்க நடந்து போனாள், திரும்பி வந்தாள். எண்பது பேரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினோம். ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

ஐயா வந்து, "என்ன இது?" என்று கேட்டார். மேனேஜர் மேலே ஃபேனைப் பார்த்தார். பிரிஜெட் எழுந்து தன் கான்வென்ட் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்: "சார், இது இல்லாம நாங்க போக முடியாது. அந்தப் புதுசு உங்களுக்கு, எங்களுக்கு இல்ல." அம்மா முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பலகையைக் கழற்றினாள், திருப்பித் தரவில்லை. தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிரிஜெட்டை விட்டுவிட்டார்கள், பேசினது அவள்தான், ஆனால் மாட்டினது நான். நானும் சும்மா வரவில்லை, மிச்சமிருந்த பலகையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது சேலைக்கு ஃபால் தைக்கிறேன். வேலை போனது கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். காலை ஏழு மணிக்குக் கை தானாகச் சாப்பாட்டு டப்பாவைத் தேடுகிறது.

உன் அண்ணனிடம் பயந்துகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தம்மா கழுத்துல நீயேவா மாட்டுனே?" என்றார். ஆமாம் என்றேன். "தலையைக் குனிஞ்சாளா?" குனிந்தாள் என்றேன். அப்புறம் சிரித்தார் பார், இருமல் வந்து தண்ணீர் கொடுத்துத்தான் நிறுத்தினேன். பெட்டி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார். உன் பேச்சை எடுத்தேன், எழுந்து போய்விட்டார். பெட்டி பீரோ மேலேதான் இருக்கிறது.

சட்டை வாங்காதே என்று யாருக்கும் சொல்லாதே. வாங்கிப் போட்டுக்கொண்டே கேட்கச் சொல்.

வள்ளியம்மா (முன்னாள் செக்கிங்)


டெட்ராய்ட்
8.3.2000

அன்பு அண்ணி,

ஒரு எழுத்து குறைக்கவில்லை. ஆரத்தி, பேட்டா, இளநீர், ஆயுத பூஜைப் பழைய கதை, எல்லாவற்றையும் போட்டேன். புரியாத இடத்தில் கேட்கட்டும் என்று விட்டேன். கேட்டார்கள். பேட்டா என்றால் என்ன என்பதற்கே அரை மணி நேரம் போயிற்று.

அந்த அம்மா தலையைக் குனிகிற இடத்தில் வகுப்பே வெடித்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் கதவைத் தட்டினார். முதலில் சிரித்தது யார் தெரியுமா? டெனிஸ். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "எங்க தொழிற்சாலையிலயும் கை தூக்கிக் கேட்டுட்டுதான் போகணும். விடமாட்டாங்க. நாங்களும் தண்ணி குடிக்கிறதில்ல" என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு நின்றது. ஆனால் முன்போல யாரும் அழவில்லை. பேச ஆரம்பித்தார்கள். ஒரு வரிக்கு மேல் எழுதாதவள் டெனிஸ், அன்றைக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. "இப்போ இந்த அம்மாவை எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து, தாள் போதாமல் என்னிடம் வாங்கி எழுதினாள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அவர்களே அட்டையில் பலகை வெட்டி, கயிறு கட்டி, ஆளுக்கொன்று அந்தச் சட்டைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கூடவே கடிதம்: "உங்கள் சட்டையை நாங்கள் போடுகிறோம், இந்தப் பலகையை ஒரு நாள் நீங்கள் போடுங்கள். பூட்டைத் திறங்கள். பலகையை மாலையாகப் போட்டுவிட்ட அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள்." கமாவும் முற்றுப்புள்ளியும் மட்டும்தான் நான் பார்த்தேன். எங்கள் துறைத் தலைவர் என்னை அழைத்து, "இது எழுத்து வகுப்பா, கிளர்ச்சியா?" என்றார். டெனிஸ் எழுதியதை நீட்டினேன். படித்தார். திருப்பித் தரும்போது, "அந்தப் பலகை எவ்வளவு பெரிது?" என்று மட்டும் கேட்டார்.

கம்பெனியிலிருந்து என்ன பதில் வரும் என்று தெரியாது. உங்கள் கடிதம் வந்தால் அண்ணனைப் பற்றி எழுதிய பத்தியைத்தான் முதலில் தேடுகிறேன்.

மமதா


ஈஜிபுரா
16.4.2000, ஞாயிறு

பலகைக் கட்சித் தலைவி மமதாவுக்கு,

நீ தேடுகிற பத்தி கடைசியில் இருக்கிறது. தாண்டிப் போகாதே, வரிசையில் வா.

யுகாதி முடிந்த மறுநாள் கோவிந்தப்பாவே வீடு தேடி வந்தார், கையில் ஒபட்டுப் (நம் போளிதான்) பொட்டலத்தோடு. உன் பிள்ளைகள் அனுப்பின பலகைகளைப் பார்த்து மேலிடத்திலிருந்து மறுபடி ஓலை வந்திருக்கிறதாம். "பாம்மா, கெலசக்கெ பாம்மா" என்றார். வேலைக்கு வா என்று அவர் கூப்பிட்டு இப்போதுதான் கேட்கிறேன், இத்தனை நாள் "ஏன் எழுந்தே" என்பதுதான். கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, ஒபட்டைச் சாப்பிட்டு முடித்த பிறகு சரி என்றேன்.

பூட்டு போய்விட்டது. ஆணியும் போய்விட்டது. கேள் வேடிக்கையை: திறந்த முதல் நாள் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை! பிரிஜெட் எழுந்தாள், நின்றாள், கையில் எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தாள். கடைசியில் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது பழகிவிட்டது. கோவிந்தப்பா வாசல் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்தான். நாங்களும் அவரைப் பார்த்து மணி கேட்கிறோம். எல்லோர் மேஜையிலும் தண்ணீர் பாட்டில் முளைத்திருக்கிறது. டெனிஸிடம் சொல், இங்கே எண்பது பேர் அவள் பேரைச் சொல்லித் தண்ணீர் குடிக்கிறோம், அவளும் குடிக்கிற நாள் வரட்டும். "இன்னொரு பலகை எல்லி?" என்று கோவிந்தப்பா கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

அது நம் வரிசை வீட்டுக் குளியலறைக் கதவில் தொங்குகிறது. நாலு குடித்தனத்துக்கு ஒரே அறை, உன் அண்ணன் பேப்பரோடு உள்ளே போனால் சரசு சாபம் விட ஆரம்பித்துவிடுவாள். அதனால் அவருக்கு மட்டும் சட்டம்: பலகை மாட்டினால்தான் அனுமதி.

இன்று காலை மாட்டிக்கொண்டு போனார். வெகு நேரம் வரவில்லை. சரசு கதவைத் தட்டினாள், ரங்கா வந்து தட்டினான். வெளியே வந்தார் பார், வரிசை வீடு முழுக்க ரோஜாத் தோட்டம் மாதிரி மணக்கிறது! நான் பீரோ மேல் பார்த்தேன். பெட்டி திறந்திருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பேன் என்று யோசித்துக்கொள். அவரே, "சும்மா வெச்சா சோப்பு கரைஞ்சுபோகும் பாரு" என்றார். காய்ந்த சோப்பு பீரோ மேல் எப்படிக் கரையும் என்று நான் கேட்கவில்லை. தலை துவட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "அந்தப் பசங்க நல்லா எழுதுறானுங்களாமா இப்போ?" என்றார். நல்லா எழுதுறாங்க என்றேன். "அவ சொல்லிக்குடுத்தா வராதா பின்னே" என்றார்.

இப்போது இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ரங்கா கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நீ போன் பண்ண மாட்டாய் என்று சொன்னேன். "தெரியும், சும்மா காத்தாட" என்றார். அந்தக் கடைக்குள் எறும்பு நுழையக் காற்று கிடையாது.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்த நம்பரைச் சுற்று. ரங்கா கடையில் இருப்பதே ஒரு ஸ்டூல், உன் அண்ணன் எழுந்தால்தான் அவன் உட்கார முடியும்.

உன் அண்ணி,
வள்ளியம்மா, செக்கிங்